டிரைவர் கெர்னலிடம் எப்படிப் பெயர் கொடுக்கிறது?

கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. அதற்கு எந்தச் சாதனத்தையும் நேரடியாகத் தெரியாது. மவுஸ், பிரிண்டர், பென் டிரைவ், நெட்வொர்க் கார்டு என்று எதை மாட்டினாலும், அதோடு எப்படிப் பேசுவது என்ற விவரம் கெர்னலின் மையப் பகுதியில் இருக்காது. அந்த விவரம் முழுக்க டிரைவரிடம்தான் இருக்கிறது. கெர்னல் வைத்திருப்பது வெறும் பட்டியல்கள். எந்தெந்த டிரைவர்கள் பெயர் கொடுத்திருக்கின்றன, எது எந்தச் சாதனத்தைப் பார்த்துக்கொள்ளும், எந்த வேலைக்கு அதன் எந்த ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும் என்பவை அதில் இருக்கும். அந்தப் பட்டியல்களில் இடம் பிடிப்பதைத்தான் டிரைவர் பதிவு என்கிறோம்.

பட்டியல்கள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிதாகப் படிப்பவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். லினக்ஸில் ஒரு மவுஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் அது யுஎஸ்பி சாதனம். இன்னோர் இடத்தில் கேரக்டர் டிவைஸ். மற்றோர் இடத்தில் இன்புட் வகையைச் சேர்ந்தது. இவற்றில் எது சரி என்று கேட்டால் மூன்றும் சரி. எந்த வழியாக இணைந்திருக்கிறது, தரவு எந்த முறையில் போய் வருகிறது, பயனருக்கு என்ன வேலை செய்து தருகிறது என்ற மூன்று தனித்தனிக் கேள்விகளுக்கான பதில்கள் அவை. பல பாடங்களில் இந்த மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டு 'சாதன வகைகள்' என்று தலைப்புக் கொடுத்துவிடுகிறார்கள். படிப்பவருக்குத் தலை சுற்றுவதில் ஆச்சரியமில்லை. இங்கே லினக்ஸை முன்னால் வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மற்ற இயங்குதளங்கள் கடைசியில் கொஞ்சம் வரும்.

டிரைவர் கையில் என்ன கொண்டு வருகிறது?

பதிவு செய்யும்போது டிரைவர் கெர்னலிடம் கொடுப்பது ஓர் அட்டவணை. சி மொழியில் சொன்னால், ஃபங்ஷன் பாயிண்டர்கள் நிறைந்த ஒரு ஸ்ட்ரக்சர். யாராவது திறந்தால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு, படிக்கக் கேட்டால் இதை, எழுதச் சொன்னால் இதை, மூடும்போது இதை என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முகவரி அதில் இருக்கும். எல்லா இடத்தையும் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படிக்கவே முடியாத சாதனம் என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடலாம். யாராவது படிக்க முயன்றால் கெர்னலே பிழையைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

இதற்கு நல்ல உதாரணம் லினக்ஸ் பயன்படுத்தும் எல்லோருக்கும் தெரிந்த 'நல்' சாதனம். எதை எழுதினாலும் விழுங்கிவிடும் கோப்பு அது. அதன் பின்னால் உண்மையான வன்பொருள் எதுவும் கிடையாது. ஆனாலும் மற்ற டிரைவர்களைப் போலவே அதற்கும் ஓர் அட்டவணை உண்டு. எழுதும் ஃபங்ஷனின் உள்ளே பார்த்தால் ஒரே ஒரு வேலைதான் நடக்கிறது. நீங்கள் எத்தனை பைட் கொடுத்தீர்களோ அந்த எண்ணை அப்படியே திருப்பித் தருகிறது. 'எல்லாம் எழுதியாயிற்று' என்று அதற்கு அர்த்தம். படிக்கும் ஃபங்ஷன் பூஜ்யத்தைத் திருப்பித் தருகிறது, அதாவது 'கோப்பு முடிந்துவிட்டது'. பக்கத்திலேயே 'ஜீரோ' என்ற சாதனம் இருக்கிறது. படிக்கக் கேட்டால் வெறும் பூஜ்யங்களாக நிரப்பித் தரும். எழுதும் வேலைக்கு அது தனியாக எதையும் வைத்துக்கொள்ளவில்லை. நல் சாதனத்தின் எழுதும் ஃபங்ஷனையே தன் அட்டவணையிலும் போட்டுக்கொள்கிறது.

ஒரு செயலி (நாம் ஓட்டும் மென்பொருள்) 'படி' என்று கேட்கும்போது, திறந்த கோப்போடு எந்த அட்டவணை இணைந்திருக்கிறது என்று கெர்னல் பார்க்கும். படிப்பதற்கான இடத்தில் உள்ள முகவரிக்குத் தாவும். அங்கே வட்டு சுழல்கிறதா, சென்சார் எதையாவது அளக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லாத விஷயம்.

'சி' என்றும் 'பி' என்றும் வரும் எழுத்துகள்

லினக்ஸில் டெவ் என்ற அடைவுக்குள் போய் விரிவான பட்டியல் கேட்டால், ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் பெரும்பாலும் 'சி' அல்லது 'பி' ஆக இருக்கும். கேரக்டர் டிவைஸ், பிளாக் டிவைஸ் என்ற பிரிவு அது. 1975-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பிலேயே இந்தப் பிரிவு இருந்தது. அப்போது கெர்னலில் இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஒன்று பிளாக் சாதனங்களுக்கு, மற்றொன்று கேரக்டர் சாதனங்களுக்கு. புதிய சாதனம் வேண்டுமென்றால் அந்த அட்டவணையில் ஒரு வரி சேர்த்துவிட்டு கெர்னலையே மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அட்டவணையில் அந்த வரி எத்தனையாவதோ அதுதான் சாதனத்தின் மேஜர் எண். இன்றைக்கு டிரைவர்கள் கெர்னல் ஓடும்போதே வந்து பெயர் கொடுக்கின்றன. ஆனாலும் அந்த எண்ணும் இரண்டு எழுத்துகளும் அப்படியே தங்கிவிட்டன.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், கேரக்டர் டிவைஸ் ஒவ்வொரு பைட்டாகத் தரும், பிளாக் டிவைஸ் கட்டம் கட்டமாகத் தரும் என்று பலரும் சொல்வார்கள். முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் முக்கியமான விஷயம் அதில் விட்டுப்போகிறது. கேரக்டர் டிவைஸும் ஒரே அழைப்பில் ஆயிரக்கணக்கான பைட்டுகளைத் தரலாம், அதில் ஒரு தடையும் இல்லை. உண்மையான வித்தியாசம், செயலிக்கும் டிரைவருக்கும் நடுவில் கெர்னல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான். கேரக்டர் டிவைஸில் உங்கள் அழைப்பு ஏறக்குறைய நேராக டிரைவரின் ஃபங்ஷனுக்கே போகிறது. பிளாக் டிவைஸில் வழக்கமாக அப்படிப் போகாது. நடுவில் பேஜ் கேஷ், அதாவது வட்டின் தரவை நினைவகத்தில் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம், இருக்கிறது. கேட்ட தரவு ஏற்கெனவே நினைவகத்தில் இருந்தால் டிரைவரைக் கூப்பிடவே மாட்டார்கள். எழுதியதும் உடனே வட்டுக்குப் போய்விடாது, சேர்த்து வைத்துப் பிறகுதான் போகும். பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கான கோரிக்கைகளை ஒன்றாக்கி, வரிசை மாற்றி அனுப்ப ஓர் ஏற்பாடும் உண்டு. அதனால் பிளாக் டிரைவர் கொடுக்கும் அட்டவணையில் 'படி', 'எழுது' என்ற ஃபங்ஷன்களே இல்லை. கோரிக்கைகளின் வரிசையை வாங்கி நிறைவேற்றும் ஃபங்ஷன்தான் இருக்கும். வட்டில் எந்த இடத்துக்கும் நேராகப் போக முடியும் என்பதால் அதன்மேல் கோப்பு முறைமையை ஏற்றி மவுண்ட் செய்யவும், அதாவது ஓர் அடைவாக இணைத்துக்கொள்ளவும், முடிகிறது.

இந்தப் பிரிவை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. கெர்னல் நடுவில் புகுந்து சேர்த்துவைத்து எழுதினால் எது எப்போது வட்டுக்குப் போகிறது என்று நம்ப முடியாது என்ற காரணத்தால், யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் பிளாக் டிவைஸ் என்பதையே எடுத்துவிட்டது. அங்கே வட்டும் கேரக்டர் டிவைஸ்தான். கேஷ் செய்யும் வேலையைக் கோப்பு முறைமை மேலே இருந்து பார்த்துக்கொள்கிறது.

நெட்வொர்க் கார்டு இந்த இரண்டிலும் சேராது. டெவ் அடைவில் அதற்குக் கோப்பே இருக்காது. வட்டு, கேட்டால்தான் தரவு தரும். நெட்வொர்க்கிலோ யாரும் கேட்காமலே பாக்கெட்டுகள் வந்து விழுகின்றன, ஒரே கார்டைப் பல செயலிகள் சாக்கெட் வழியாகப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் நெட்வொர்க் டிரைவர்கள் பெயர் கொடுப்பது தனிப் பட்டியலில். அங்கே மேஜர் எண் கிடையாது, பெயர்தான் அடையாளம்.

மேஜர், மைனர்

அதே பட்டியலில் சாதாரணக் கோப்புகளுக்கு அளவு காட்டும் இடத்தில், சாதனக் கோப்புகளுக்குக் காற்புள்ளி போட்ட இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் மேஜர்: எந்த டிரைவர் என்று சொல்கிறது. இரண்டாவது மைனர்: அந்த டிரைவரின் பொறுப்பில் உள்ள எந்தச் சாதனம் என்று சொல்கிறது. நல் சாதனம் 1, 3. ஜீரோ சாதனம் 1, 5. இரண்டுக்கும் மேஜர் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். ஒரே டிரைவர் மைனர் எண்ணைப் பார்த்து அட்டவணையை மாற்றிக் கொடுக்கிறது. கோப்பின் பெயருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. 1, 3 என்ற எண்ணோடு வேறு ஏதாவது பெயரில் ஒரு கேரக்டர் சாதனக் கோப்பை உருவாக்கினாலும் அது நல் சாதனம் போலவே நடந்துகொள்ளும்.

மைனர் எண்ணை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பது டிரைவரின் இஷ்டம். வட்டுகளுக்கான எஸ்டி டிரைவரின் முதல் மேஜர் எண் 8. அது ஒவ்வொரு வட்டுக்கும் 16 மைனர் எண்களை ஒதுக்கிவைக்கிறது. முதல் வட்டு முழுவதும் 8, 0. அதன் முதல் பகுதி 8, 1. இரண்டாவது வட்டு 8, 16-இல் தொடங்கும்.

பழைய லினக்ஸில் மேஜருக்கு 8 பிட், மைனருக்கு 8 பிட் என்று இருந்தது. 256-க்கு மேல் போக வழியில்லை, எண்களுக்குத் தட்டுப்பாடு வந்தது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் இது 12 பிட், 20 பிட் என்று மாறியது. இப்போது புதிய டிரைவர் எழுதுபவர்கள் 'எனக்கு இந்த எண்தான் வேண்டும்' என்று கேட்பதில்லை. 'காலியாக இருப்பதைக் கொடு' என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். ஒரே ஒரு சாதனக் கோப்புக்காகத் தனி மேஜர் எதற்கு என்று நினைக்கும் சின்ன டிரைவர்களுக்கு 10 என்ற பொது மேஜர் இருக்கிறது. அதில் ஒரு மைனரை மட்டும் வாங்கிக்கொண்டால் போதும், எழுத வேண்டிய நிரலும் குறையும். இப்போது யார் யார் எந்த மேஜரைப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் ப்ராக் அடைவில் டிவைசஸ் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். கேரக்டர் பட்டியல் மேலே, பிளாக் பட்டியல் கீழே என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும். கேரக்டர் பக்கம் உள்ள ஓர் எண்ணுக்கும் பிளாக் பக்கம் உள்ள அதே எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

பொருத்தம் பார்ப்பது பஸ்ஸின் வேலை

இதுவரை பார்த்தது செயலியிலிருந்து டிரைவருக்கு வரும் வழி. டிரைவரிலிருந்து சாதனத்துக்குப் போகும் வழி வேறு. அதில்தான் பஸ், அதாவது சாதனங்கள் கணினியோடு இணையும் பாதை, வருகிறது. பிசிஐ, யுஎஸ்பி, ஐ2சி போன்ற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கெர்னல் இரண்டு பட்டியல்கள் வைத்திருக்கிறது. ஒன்று அந்த பஸ்ஸில் இப்போது மாட்டியிருக்கும் சாதனங்கள், மற்றொன்று அந்த பஸ்ஸில் பெயர் கொடுத்திருக்கும் டிரைவர்கள். புதிய சாதனம் வந்தால் இருக்கிற டிரைவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். புதிய டிரைவர் வந்தால் டிரைவர் இல்லாமல் நிற்கும் சாதனங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். எது முதலில் வந்தாலும் கடைசியில் ஜோடி சேர்ந்துவிடும்.

ஒப்பிடுவதற்கு இரண்டு பக்கமும் அடையாளம் வேண்டுமே. சாதனத்தின் பக்கம் அது உள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பிசிஐ கார்டும் தயாரிப்பாளர் எண், சாதன எண், வகைக் குறியீடு ஆகியவற்றைச் சொல்லும். இன்டெல் நிறுவனத்தின் தயாரிப்பாளர் எண், பதினாறடிமான முறையில், 8086. தங்கள் பழைய ப்ராசஸர் சில்லின் பெயரையே எண்ணாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், கொஞ்சம் குறும்புதான். டிரைவரின் பக்கம், 'இன்னின்ன எண்கள் உள்ள சாதனங்கள் என் பொறுப்பு' என்ற ஒரு பட்டியல் இருக்கும். சில டிரைவர்கள் எண்களைத் தனித்தனியாக அடுக்காமல் வகைக் குறியீட்டையே கேட்டுவிடும். என்விஎம்இ வட்டுகள் அப்படித்தான். பிசிஐ வகைக் குறியீடு 01, 08, 02 என்று இருந்தால் யார் தயாரித்திருந்தாலும் அதே டிரைவர் போதும். மதர்போர்டில் நேரடியாகப் பதித்த சிறு சில்லுகள் பல தங்களைப் பற்றித் தாங்களே எதுவும் சொல்லாது. அப்படிப்பட்ட போர்டுகளில் எது எங்கே இருக்கிறது என்ற விவரத்தை டிவைஸ் ட்ரீ என்ற கோப்பாக எழுதி கெர்னலிடம் கொடுத்துவிடுவார்கள்.

எண் பொருந்திவிட்டால் மட்டும் போதாது. அடுத்து டிரைவரின் ப்ரோப் என்ற ஃபங்ஷனை பஸ் கூப்பிடும். டிரைவர் சாதனத்தோடு நேரடியாகப் பேசிப் பார்த்து, தேவையான நினைவகத்தையும் இன்டரப்டையும் (சாதனம் கெர்னலின் கவனத்தை இழுக்கும் சமிக்ஞை) கேட்டு வாங்கும். எல்லாம் சரி என்றால் பூஜ்யத்தைத் திருப்பித் தரும், ஜோடி உறுதியாகும். 'இது என்னுடையது இல்லை' என்று சொன்னால் அடுத்த டிரைவரைப் பார்ப்பார்கள். மூன்றாவதாக ஒரு பதிலும் உண்டு: 'என்னுடையதுதான், ஆனால் இதற்கு மின்சாரம் தரும் சில்லின் டிரைவர் இன்னும் வரவில்லை, அப்புறம் கூப்பிடு'. அப்படிச் சொன்னவர்களைக் கெர்னல் தனியாக ஒரு வரிசையில் வைத்துக்கொண்டு, வேறு டிரைவர் ஏதாவது வெற்றியோடு இணையும்போது மறுபடி முயன்று பார்க்கும். போன்களிலும் சிறு போர்டுகளிலும் இது தினசரி நடக்கிற விஷயம்.

ஒரு பென் டிரைவ் செருகும்போது

இப்போது எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கலாம். பென் டிரைவைச் செருகியதும் யுஎஸ்பி ஹப் அதைக் கவனிக்கிறது. கெர்னல் அதற்கு ஒரு முகவரி கொடுத்து, 18 பைட் நீளமுள்ள அறிமுகத் தகவலை வாங்குகிறது. தயாரிப்பாளர் எண், பொருள் எண் எல்லாம் அதில் இருக்கும். சாதனத்துக்குள் இருக்கும் ஒவ்வோர் இண்டர்ஃபேஸும், அதாவது தனி வேலை செய்யும் பகுதியும், தன் வகையைத் தனியாகச் சொல்கிறது. இங்கே வகை 08, சேமிப்பகம். லினக்ஸில் யுஎஸ்பி டிரைவர்கள் பெரும்பாலும் பிடிப்பது முழுச் சாதனத்தை அல்ல, இண்டர்ஃபேஸைத்தான். மைக் உள்ள வெப்கேமில் படத்துக்கு ஒரு டிரைவரும் ஒலிக்கு வேறொரு டிரைவரும் வேலை செய்வது இதனால்தான்.

சரி, அந்த வகைக்கான டிரைவர் இன்னும் நினைவகத்தில் இல்லை என்றால்? கெர்னல் அந்த எண்களையெல்லாம் கோத்து ஒரு நீளமான சரமாக்கி வெளியே அறிவிக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் யுடெவ் என்ற பின்னணி நிரல், ஒரு பெயர்ப் பட்டியலில் தேடி, பொருந்தும் மாட்யூலை (தனிக் கோப்பாக இருக்கும் டிரைவரை) ஏற்றுகிறது. அந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? டிரைவர்களின் கோப்புகளில் உள்ள எண் பட்டியல்களை முன்கூட்டியே பொறுக்கி எடுத்துத் தொகுத்தது. ஆயிரக்கணக்கான டிரைவர்கள் வட்டில் கிடந்தாலும் தேவையானது மட்டும் ஏறுவதன் ரகசியம் இதுதான்.

ஏறிய யுஎஸ்பி சேமிப்பக டிரைவர் தானே பிளாக் டிவைஸாகப் பெயர் கொடுத்துவிடாது. அது ஸ்கஸி என்ற இன்னொரு பஸ்ஸில் தன்னை ஒரு கன்ட்ரோலராகப் பதிவு செய்துகொள்கிறது. ஸ்கஸி பகுதி அந்த வழியே 'அங்கே யார்?' என்று கேட்கும். 'நான் ஒரு வட்டு' என்று பதில் வரும். அங்கே ஏற்கெனவே பெயர் கொடுத்துக் காத்திருக்கும் எஸ்டி டிரைவர் அந்த வட்டை எடுத்துக்கொண்டு, பிளாக் டிவைஸாகப் பதிவு செய்கிறது. அப்போதுதான் மேஜர் 8 என்ற எண்ணோடு டெவ் அடைவில் கோப்பு தோன்றுகிறது. கோப்பை உருவாக்குவது கெர்னலேதான். அனுமதிகளையும் கூடுதல் பெயர்களையும் யுடெவ் பார்த்துக்கொள்கிறது. ஆக, ஒரே பென் டிரைவுக்கு இரண்டு பஸ், இரண்டு முறை பொருத்தம், ஒரு பிளாக் பதிவு. எஸ்டி டிரைவருக்கு யுஎஸ்பி பற்றி ஒன்றுமே தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்வியான வகைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிஸ் அடைவுக்குள் கிளாஸ் என்ற அடைவைத் திறந்தால் இன்புட், நெட், சவுண்ட், பிளாக் என்று வேலைவாரியாகப் பிரித்திருக்கும். மவுஸ் யுஎஸ்பி வழியாக வந்தாலும் புளூடூத் வழியாக வந்தாலும் இன்புட்டின் கீழேதான் இருக்கும். அங்கே இருப்பவை குறுக்குவழி இணைப்புகள்தான், உண்மையான இடம் டிவைசஸ் அடைவில் இருக்கிறது. எந்த ஹப், எந்தப் போர்ட் என்று மாட்டியிருக்கும் வரிசையிலேயே அங்கே பார்க்கலாம்.

மற்ற இடங்களில்

விண்டோஸிலும் இதே எலும்புக்கூடுதான். டிரைவர் ஏறியதும் அதன் தொடக்க ஃபங்ஷன் ஓடும், ஒரு டிரைவர் ஆப்ஜெக்டில் தன் ஃபங்ஷன் முகவரிகளை நிரப்பும். எண்களின் பட்டியல் மட்டும் நிரலுக்குள் இல்லாமல் ஐஎன்எஃப் என்ற தனி உரைக் கோப்பில் இருக்கும். டிவைஸ் மேனேஜரில் நாம் பார்க்கும் பிரிவுகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நீண்ட தனி அடையாள எண் இருக்கிறது. அது ரெஜிஸ்ட்ரியில் பதிவாகியிருக்கும்.

பெரிய வேறுபாடு, பல டிரைவர்கள் ஒரே சாதனத்தைக் கேட்கும்போதுதான் தெரியும். லினக்ஸில் பொருந்தி, ப்ரோப்பில் சரி என்று முதலில் சொன்னதற்கே சாதனம். விண்டோஸில் ஒவ்வொரு டிரைவருக்கும் தரவரிசை போடுவார்கள். குறிப்பிட்ட மாடலின் எண்ணோடு பொருந்துவது, பொதுவான வகையோடு பொருந்துவதை முந்தும். மேக்கின் டிரைவர் அமைப்பான ஐஓகிட்டில் ப்ரோப் ஒரு மதிப்பெண்ணைத் தரும், அதிக மதிப்பெண் வாங்கியது வேலையைத் தொடங்கும். ஃப்ரீபிஎஸ்டியும் அப்படித்தான், ப்ரோப் திருப்பித் தரும் எண்ணே முன்னுரிமை. எனக்கு இந்த ஏல முறைதான் நியாயமாகப் படுகிறது. ஆனால் லினக்ஸில் டிரைவர்கள் பெரும்பாலும் ஒரே மூலநிரல் தொகுப்புக்குள் இருப்பதால் இப்படி மோதிக்கொள்வதே குறைவு.

பெயர் கொடுக்கும் நேரமும் எடுக்கும் நேரமும்

டிரைவர் எழுத ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பதிவு செய்யும் ஃபங்ஷன் திரும்பி வருவதற்கு முன்பே உங்கள் சாதனத்தை யாராவது திறந்துவிடலாம். பதிவு முடிந்த பிறகு பஃபரை ஒதுக்கிக்கொள்ளலாம், லாக்கை அப்புறம் தயார் செய்துகொள்ளலாம் என்று நினைத்தால், இன்னும் தயாராகாத நினைவகத்தைத் தொட்டு கெர்னலே விழும். அதுவும் பத்துத் தடவையில் ஒரு தடவை மட்டும் விழும் என்பதால் கண்டுபிடிப்பது கொடுமை. எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டுக் கடைசி வேலையாகப் பதிவு, கழற்றும்போது முதல் வேலையாகப் பதிவு நீக்கம் என்பதுதான் முறை. நடுவில் எங்கேயாவது தோல்வி வந்தால், அதுவரை வாங்கியதையெல்லாம் தலைகீழ் வரிசையில் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பதிவு நீக்கத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பென் டிரைவை மவுண்ட் செய்திருக்கும்போதே பிடுங்கிவிட்டால், கெர்னல் டிரைவரின் துண்டிப்பு ஃபங்ஷனைக் கூப்பிடும், டெவ் அடைவில் கோப்பு மறைந்துவிடும். ஆனால் அதை இன்னும் திறந்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்களே! அதனால் கெர்னல் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கும். கடைசி ஆள் விடும்வரை உள்ளே உள்ள ஸ்ட்ரக்சர் அழியாது. அதுவரை சாதனத்திடமிருந்து புதிதாகப் படிக்கக் கேட்பவர்களுக்கு உள்ளீடு வெளியீட்டுப் பிழைதான் கிடைக்கும். அதே பென் டிரைவை உடனே திரும்பச் செருகிப் பாருங்கள். முன்பு எஸ்டிபி என்று இருந்தது இப்போது எஸ்டிசி என்று வந்து நிற்கும், ஏனென்றால் பழைய பெயரை இன்னும் யாரோ விடவில்லை.